ஒரே மருந்து, ஆளுக்கொரு அளவு: டோஸைச் சரிபார்ப்பது எப்படி?

30 வயது ஆண், எடை 70 கிலோ. 82 வயது மூதாட்டி, எடை 45 கிலோ. இருவருக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப் பொருள்) 1.0 மி.கி./டெசிலிட்டர். பரிசோதனைத் தாளைப் பார்த்தால் இரண்டும் இயல்பான எண்தான். ஆனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த ஆணின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 107 மி.லி. வேகத்தில் வடிகட்டுகிறது, மூதாட்டியின் சிறுநீரகம் 31 மி.லி. வேகத்தில். சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து ஒன்றை இருவருக்கும் ஒரே அளவில் தினமும் கொடுத்துவந்தால், மூதாட்டியின் ரத்தத்தில் அது மூன்று மடங்குக்கு மேல் சேர்ந்துவிடும். சீட்டில் தவறில்லை, மாத்திரையிலும் தவறில்லை. அந்த அளவு அந்த உடலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் டோஸ் ஒரு தொடக்கப் புள்ளி. எடை, வயது, சிறுநீரகம், கல்லீரல், கூட எடுக்கும் மற்ற மருந்துகள், மரபணு என ஒவ்வொன்றும் அதை ஏற்றும், இறக்கும். டோஸை மாற்றும் முடிவு மருத்துவருடையது. அவரிடமும் மருந்தாளுநரிடமும் எந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கேட்பது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: ஒரே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

- வயது, இந்த மாதம் பார்த்த எடை, உயரம்.
- கடைசியாக எடுத்த கிரியாட்டினின், அது எடுக்கப்பட்ட தேதி. தேதி இல்லாத எண்ணை நம்பி டோஸ் கணக்கிட முடியாது.
- கல்லீரல் நோய் இருந்தால் பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி), ஆல்புமின் (ரத்தப் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண்).
- எடுக்கும் மருந்து எல்லாம்: பெயர், எத்தனை மி.கி., எத்தனை வேளை. கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், சத்து மாத்திரை, மூலிகை, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை என ஒன்றும் விடாமல்.
- ஒவ்வாமை. ‘பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது’ என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன நடந்தது, மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் நடந்தது என்பதும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தால் அது ஒவ்வாமை. வயிற்றுப்போக்கு வந்தது என்றால் அது பெரும்பாலும் பக்கவிளைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையான நல்ல மருந்து ஒன்று வாழ்நாள் முழுக்கக் கைநழுவிப் போகும்.
- கர்ப்பம், தாய்ப்பால், புகை, மது.

படி 2: குழந்தைக்கு முதலில் மில்லிகிராம், பிறகுதான் மில்லிலிட்டர்

குழந்தைகள் விஷயத்தில் வீட்டில் நடக்கும் பெரிய தவறு ‘எத்தனை மி.லி.?’ என்று தொடங்குவது. மி.லி. என்பது திரவத்தின் அளவு. அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பாராசிட்டமாலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. குழந்தை 12 கிலோ என்றால் 120 முதல் 180 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். இப்போது 180 மி.கி.யை மி.லி. ஆக்குவோம்:

5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி.
5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3.6 மி.லி.
1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி.

‘சொட்டு மருந்து’ என்றதும் அது வீரியம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே உண்மை நேர்மாறு. கைக்குழந்தை கொஞ்சமாக விழுங்கினால் போதும் என்பதற்காக அதை அடர்த்தியாகச் செய்கிறார்கள். பழைய சிரப் தீர்ந்து, கையில் சொட்டு மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் அதே 7.5 மி.லி.யை ஊற்றினால் உள்ளே போவது 750 மி.கி., அதாவது கிலோவுக்கு 62 மி.கி.க்கும் மேல். ஒரு நாள் முழுவதற்கும் பிரித்துக் கொடுக்க வேண்டிய அளவு ஒரே வாயில் போய்விடுகிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் செய்யுங்கள்: இன்றைய எடை, கிலோவுக்கு எத்தனை மி.கி., மொத்தம் எத்தனை மி.கி., கையில் இருக்கும் பாட்டிலில் 1 மி.லி.க்கு எத்தனை மி.கி., கடைசியில் எத்தனை மி.லி. அளப்பதற்கு ஊசியில்லாத சிரிஞ்சு அல்லது மருந்தோடு வரும் அளவுக் கோப்பைதான் சரி. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவில் பெரிதும் வேறுபடும். எழுதும்போது ‘.5’ என்று எழுதாமல் ‘0.5’ என்றும், ‘5.0’ என்று எழுதாமல் ‘5’ என்றும் எழுதுங்கள். புள்ளி கண்ணில் படாமல் போனால் தவறு பத்து மடங்கு. கிலோ கணக்கில் வந்த விடை பெரியவர்களின் டோஸைத் தாண்டினால், பெரியவர்களின் டோஸே உச்சவரம்பு. பருமனான 13 வயதுப் பிள்ளைக்கு இந்தத் தவறு எளிதாக நேர்ந்துவிடும். சளி, இருமல் சிரப் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கெல்லாம் பிறகு, முதலில் மருத்துவரிடம்.

எடையைக் கொண்டு பெரியவர்களின் டோஸைச் சுருக்கினால் குழந்தைகளின் டோஸ் வந்துவிடும் என்பதும் சரியல்ல. பச்சிளங்குழந்தையின் கல்லீரல் பல மருந்துகளைச் செயலிழக்க வைக்கும் பக்குவத்தை இன்னும் அடைந்திருக்காது. குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் உடலில் தேங்கி, குழந்தை சாம்பல் நிறமாகி இறந்த துயரங்கள் 1950களின் இறுதியில் தெரியவந்தது இதனால்தான். ஆனால் இரண்டு, மூன்று வயதில் நிலைமை தலைகீழ்: சில வலிப்பு மருந்துகளை அந்த வயதுக் குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றுவதால், கிலோ கணக்கில் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். வைரஸ் காய்ச்சல் உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது; மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம்.

படி 3: சிறுநீரகத்தைக் கணக்கிடுங்கள்

பெரியவர்களுக்கு இதைவிட முக்கியமான படி இல்லை. 1976இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் இன்றும் டோஸ் தீர்மானிக்கப் பயன்படுகிறது:

(140 − வயது) × எடை கிலோவில் ÷ (72 × கிரியாட்டினின்). பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும்.

மேலே சொன்ன மூதாட்டிக்கு: 58 × 45 = 2610. அதை 72ஆல் வகுத்தால் 36.25. 0.85ஆல் பெருக்கினால் 30.8. கிரியாட்டினின் மைக்ரோமோலில் வந்திருந்தால் முதலில் 88.4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கிரியாட்டினின் ‘இயல்பாக’ இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாவது. வயதானவருக்குத் தசை குறைவு, உற்பத்தியும் குறைவு. வடிகட்டல் பாதியாகக் குறைந்தாலும் ரத்தத்தில் எண் ஏறுவதில்லை. பரிசோதனைத் தாளின் அடியில் இஜிஎஃப்ஆர் (வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) என்று ஓர் எண் தானாக அச்சாகி வரும். இதே மூதாட்டிக்கு அது சுமார் 56 என்று வரும். அந்த எண் 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ள ஒருவரைக் கற்பனை செய்து போட்டது. நோயின் கட்டத்தைப் பார்க்க அது நல்லது. சிறிய உடல் கொண்ட முதியவருக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்க அதை அப்படியே எடுத்தால் கூடுதலாகக் கொடுத்துவிடுவோம். 56க்கும் 31க்கும் நடுவில்தான் பல மருந்துகளின் எல்லைக்கோடு இருக்கிறது.

குறைக்காவிட்டால் என்ன ஆகும்?

கபாபென்டின், பிரிகபலின் (நரம்பு வலி மருந்துகள்): மயக்கம், தள்ளாட்டம், விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ‘வயசாச்சு, அதான் தடுமாறுகிறார்’ என்று கடந்துபோகிறோம்.
டிஜாக்சின் (இதய மருந்து): குமட்டல், பசியின்மை, இதயத்துடிப்புக் கோளாறு. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் சரியான அளவே நஞ்சாகும்.
மார்ஃபின்: கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் பொருளும் வீரியமுள்ளது. அது சிறுநீரகம் வழியே வெளியேற முடியாமல் தேங்கினால் சுவாசம் மந்தமாகும்.
ஈனாக்ஸபாரின் ஊசி: ரத்தக் கட்டிக்கான சிகிச்சையில் வழக்கமாகக் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. வடிகட்டல் 30க்குக் கீழ் போனால் அதே அளவு 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான், தவறினால் ரத்தக்கசிவு.
மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மருந்து): இதற்கு இஜிஎஃப்ஆர்தான் அளவுகோல். 30க்குக் கீழ் கூடாது. 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்குவதில்லை. எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வழக்கமாகப் பாதியாக்குவார்கள்.
நைட்ரோஃபுரான்டாயின்: வேறு வகைச் சிக்கல். சிறுநீர்த் தொற்றுக்கான இந்த மருந்து பழுதான சிறுநீரகத்தில் சிறுநீருக்குப் போதிய அளவு போய்ச் சேராது. நோயும் தீராது, பக்கவிளைவும் கூடும்.

இன்னொரு பக்கத் தவறும் உண்டு. சிறுநீரகம் பழுது என்றதும் கடுமையான தொற்றுக்கான ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸையே குறைத்துவிடுவது. முதல் டோஸின் வேலை உடலை நிரப்புவது. அது பெரும்பாலும் உடலின் கொள்ளளவைப் பொறுத்தது. வெளியேறும் வேகத்தைப் பொறுத்தவை அடுத்தடுத்த டோஸ்கள். முதலில் முழுதாகக் கொடுத்து, தொடர் டோஸைக் குறைப்பது அல்லது இடைவெளியைக் கூட்டுவதே பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு வழக்கம்.

இந்தச் சூத்திரம் ஏமாற்றும் இடங்கள்: கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருப்பவர், கால் அகற்றப்பட்டவர், நீண்டநாள் படுக்கையில் தசை கரைந்தவர், மிகப் பருமனானவர். இவர்களுக்கு எண்ணை நம்பாமல் மருத்துவரின் மதிப்பீட்டை நம்ப வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்கள் தனி ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் அல்லது லோசார்டன் வகை, கூடவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, மூட்டு வலிக்கு ஐபுபுரோஃபென் அல்லது டைக்குளோஃபினாக்: இந்த மூன்றும் ஒரே உடலில், நீர்ச்சத்தும் வற்றிய நிலையில் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே செயலிழக்கலாம். எந்தெந்த மாத்திரையை அந்த நாட்களில் நிறுத்திவைப்பது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கல்லீரலும் வயதும்

கல்லீரலுக்குக் கிரியாட்டினின் போன்ற ஒற்றை எண் கிடையாது. எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி ரத்தத்தில் ஏறியிருப்பது கல்லீரல் காயப்பட்டிருப்பதைக் காட்டும். வேலை செய்யும் திறன் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டாது. அதற்கு ஆல்புமின், பிலிரூபின், ஐஎன்ஆர், வயிற்றில் நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் சேர்த்து மதிப்பெண் போடும் சைல்ட்-பியூ முறை இருக்கிறது: 5–6 லேசானது, 7–9 நடுத்தரம், 10–15 கடுமை. கல்லீரல் சுருங்கியவருக்கு வலி வந்தால் பலர் பாராசிட்டமாலுக்குப் பயந்து ஐபுபுரோஃபென் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது உணவுக்குழாய் ரத்தக்கசிவுக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழி. மருத்துவர் சொன்னபடி நாளொன்றுக்கு 2 கிராமுக்குள் பாராசிட்டமாலே அவருக்குப் பாதுகாப்பானது.

முதுமையில் கொழுப்பின் பங்கு கூடி, நீரின் பங்கு குறைகிறது. டயஸிபாம் போலக் கொழுப்பில் கரையும் மருந்து அங்கே பதுங்கிக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 20 வயதில் ஏறக்குறைய 20 மணி நேரம் என்றால், 80 வயதில் 80 மணி நேரத்தையும் தாண்டும். ஒரு மருந்து தன் நிலையான அளவை எட்ட இந்தப் பாதிக் காலத்தைப் போல 4, 5 மடங்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் முதல் வாரம் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று தோன்றிய தூக்க மாத்திரை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஆளைச் சாய்க்கிறது. புது மருந்து தொடங்கி மூன்று வாரம்வரை கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து வருவது. தும்மலுக்குத் தரும் குளோர்ஃபெனிரமின்கூட முதியவருக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, விழுதல் என்று கொண்டுபோய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினால் கால் வீங்கும். வீக்கத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை. அதனால் பொட்டாசியம் இறங்கும். அதற்கு இன்னொரு சிரப். முதல் மாத்திரையின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணியதால் மூன்று மருந்து. புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் ‘இது ஏற்கெனவே எடுக்கும் மருந்தால் வருவதா?’ என்பதுதான் முதல் கேள்வி.

ஆண், பெண் வித்தியாசமும் சில மருந்துகளில் கணிசம். ஸோல்பிடெம் தூக்க மாத்திரை மறுநாள் காலையிலும் பெண்களின் ரத்தத்தில் கூடுதலாக மிஞ்சுவதைக் கண்டு, 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தது.

படி 5: மருந்தோடு மருந்து, மருந்தோடு உணவு

கல்லீரல் நொதிகளைச் சில மருந்துகள் தடுக்கும், சில தூண்டும். தடுத்தால் மற்ற மருந்து தேங்கும். இது சில நாட்களிலேயே தெரியும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் எடுப்பவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் தசை கரைந்து சிறுநீர் கறுக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஐஎன்ஆர் எகிறி ரத்தம் கசியும். திராட்சைப்பழ வகையல்லாத, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழச்சாறும் குடலில் இதே தடையைச் செய்கிறது.

தூண்டல் மெதுவாக நடக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் முழு வேகம் எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் கருத்தடை மாத்திரையும் வார்ஃபரினும் வலுவிழந்திருக்கும். பலர் மறப்பது திரும்பி வரும் பாதையை: ரிஃபாம்பிசினோடு சேர்த்து ஏற்றிய வார்ஃபரின் அளவை, ரிஃபாம்பிசினை நிறுத்தியபின் இறக்காவிட்டால் ரத்தக்கசிவு. புகையும் அப்படித்தான். புகையிலுள்ள தார்ப் பொருள்கள் நொதியைத் தூண்டுகின்றன, நிகோடின் அல்ல. அதனால் க்ளோசபின் (மனநோய் மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினால், நிகோடின் பட்டை ஒட்டிக்கொண்டாலும், மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். புகையை விடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தைராக்சின் வெறும் வயிற்றில், உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன். கால்சியம், இரும்பு மாத்திரைகள் 4 மணி நேரம் தள்ளி. சிப்ரோஃப்ளாக்ஸசினைப் பாலோடு விழுங்கினால் உடலில் சேருவது குறையும்.

படி 6: மரபணுவும் கர்ப்பமும்

கோடீன் என்ற வலி மருந்து தானாக வலியைப் போக்குவதில்லை. கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்ற வேண்டும். சிலருக்கு அந்த நொதி வேலை செய்யாது, வலி தீராது. சிலருக்கு அது அதிவேகம்; வழக்கமான அளவே மூச்சை நிறுத்திவிடும். டான்சில் அறுவைக்குப் பிறகு குழந்தைகள் இறந்ததையொட்டி 2013இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது என்றும், பாலூட்டும் தாய்மார்களுக்கு வேண்டாம் என்றும் ஆனது. வலிப்பு மருந்தான கார்பமசெபின் தொடங்கும் முன் ஆசிய வம்சாவளியினருக்கு எச்எல்ஏ-பி*15:02 மரபணுச் சோதனை செய்யும்படி 2007 முதல் அறிவுறுத்தப்படுகிறது. அந்த வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவருக்கு மலேரியா மருந்தான பிரைமகுயின், தொழுநோய் மருந்தான டாப்சோன் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்த உறவினர் யாருக்காவது குறிப்பிட்ட மருந்தால் இப்படி நடந்திருந்தால் அதைப் படி 1இன் தாளில் சேருங்கள்.

கர்ப்பத்தில் எல்லா மருந்தையும் நிறுத்துவது தவறு. தைராக்சின் தேவை பெரும்பாலானோருக்கு 25 முதல் 50 சதவீதம் கூடுகிறது. வலிப்பு மருந்தான லாமோட்ரிஜின் அளவு ரத்தத்தில் இறங்கி வலிப்பு திரும்பலாம். வால்ப்ரோயேட் (வலிப்பு மருந்து), ராமிப்ரில் வகை, ஐசோட்ரெடினாயின் (முகப்பரு மருந்து) போன்றவை சிசுவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். வலிப்பு மருந்தை மட்டும் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

படி 7: ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டியவை

வார்ஃபரின், லித்தியம் (மனநிலைக் கோளாறு மருந்து), டிஜாக்சின், ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து), டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பது) ஆகியவற்றில் பலனுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். ரத்தம் எடுக்கும் நேரம் தவறினால் எண்ணும் தவறு: லித்தியம் கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து; டிஜாக்சின் குறைந்தது 6 மணி நேரம் கழித்து; டாக்ரோலிமஸ் அடுத்த டோஸுக்குச் சற்று முன். அன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் ஏறிய எண்ணைப் பார்த்து டோஸைக் குறைத்துவிடுவார்கள்.

ஃபெனிடாயின் குணம் தனி. அதை வெளியேற்றும் நொதி ஓர் அளவில் நிரம்பிவிடும். அதன்பின் 300 மி.கி.யை 400 ஆக்கினால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏறாது, இரட்டிப்பாகவும் ஆகலாம். அதனால் 25 முதல் 50 மி.கி. படிகளாகவே ஏற்றுவார்கள். ஆல்புமின் குறைந்தவருக்கு மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், ஆல்புமினோடு ஒட்டாமல் செயல்படும் பகுதி போதுமான அளவு இருக்கலாம்.

இந்த இடத்தில் மெத்தோட்ரெக்ஸேட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் அது வாரம் ஒரு முறை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிர் போகும். கிழமையின் பெயரை அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை, பெயரின் முடிவில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்றிருப்பவற்றை, பொடிக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுவதற்கான மருந்து சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால்

அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் அதிகமானால் முதல் 24 மணி நேரம் லேசான குமட்டல் மட்டும் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போகலாம். குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும். கல்லீரல் சேதம் உச்சத்துக்குப் போவது மூன்றாம், நான்காம் நாளில். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலி பாட்டில், மிச்ச மாத்திரைப் பட்டை, எடுத்த நேரம் எழுதிய தாள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.